நோட்டு திரும்பி வரும் வழி

அன்புள்ள தம்பிக்கு,

ராயகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேரப்போகிறாய். பள்ளிக் கதவு திறக்காமலே ஒரு கல்வியாண்டு தொடங்க நேர்ந்தால் ஆசிரியர்கள் எப்படித் தயாராக வேண்டும், எந்த ஆப் நல்லது, என்ன பயிற்சி எடுக்கலாம் என்றெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறாய். கொரோனா முடிந்த கதை, இனி எதற்கு இதெல்லாம் என்று நண்பர்கள் சிரிப்பதாகவும் குறிப்பிட்டிருந்தாய். சிரிக்கட்டும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை பள்ளிகளைப் பூட்ட வைத்ததே, அதை யார் எதிர்பார்த்தார்கள்? அடுத்து வருவது வெள்ளமோ காய்ச்சலோ, தயாரிப்பு ஒன்றுதான். ஆனால் ஆப்பில் தொடங்காதே. பாடத்தை வீட்டுக்கு அனுப்ப இன்றைக்கு எத்தனையோ வழி இருக்கிறது. பிள்ளை எழுதியதும் சொன்னதும் ஆசிரியர் கண்ணுக்கும் காதுக்கும் திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வழியை ஆண்டு தொடங்கும் முன்பே போட்டுவைப்பதுதான் தயாரிப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி கொரோனாவுக்கு முன்பே, 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கப்பட்டிருந்தது. வகுப்புவாரியாக அட்டவணை போட்டு அதில் பாடம் ஒளிபரப்பினார்கள். பாடநூலில் அச்சிட்ட க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ வந்தது. ஆசிரியர்களுக்கு திக்‌ஷா தளத்தில் நிஷ்டா பயிற்சி நடந்தது. ஊருக்கு ஊர் வாட்ஸ்அப் குழு முளைத்தது. அனுப்புகிற வேலை, ஒரு நெருக்கடிக் காலத்துக்கு, நன்றாகவே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் விளைவைப் பார். 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளை முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தது இரண்டாம் வகுப்பின் பாதியில். அந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, 2022-ல், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கவைத்துப் பார்க்கும் அசர் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தது. இரண்டாம் வகுப்புத் தரத்துப் பத்தி ஒன்றை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம்தான். 2018-ல் மூன்றாம் வகுப்பில் இது 10.2 சதவீதமாக இருந்தது. ஐந்தாம் வகுப்பில் 40.7-லிருந்து 25.2-க்கு இறங்கியது. முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்கு வந்து வாசி என்றால் பிள்ளை திணறத்தானே செய்யும் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம், 2018-லும் முன்பின் தெரியாத ஆள்தான் போனார். அந்த 2018-ன் எண்ணே மார்தட்டிக்கொள்ளும்படி இல்லை என்பதையும் மறந்துவிடாதே. எல்லாப் பழியையும் நோய்மேல் போட முடியாது.

போன் இல்லை, டவர் இல்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்பது அடுத்த பதில். பாதி சரி. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் நடந்த ‘ஸ்கூல்’ என்ற ஆய்வில், கிராமப்புறத்தில் ஒழுங்காக இணையவழி படித்தவர்கள் 8 சதவீதம், அறவே படிக்காதவர்கள் 37 சதவீதம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் இந்த இடத்தில் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தது. விக்டர்ஸ் சானலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் 2020 ஜூன் 1 அன்று தொடங்கியபோதே, டிவியோ இணையமோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் பேர் என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. அவர்களுக்காக அங்கன்வாடியிலும் நூலகத்திலும் டிவி வைத்தார்கள். கருவி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கருவி நிறைந்த நெதர்லாந்தைப் பார். வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் உள்ள நாடு அது. 2020-ன் முதல் பொதுமுடக்கத்தில் பள்ளிகள் மூடியிருந்தது ஏறத்தாழ எட்டு வாரம்தான். சுமார் மூன்றரை லட்சம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், வீட்டிலிருந்த அந்த வாரங்களில் அவர்கள் கற்றது மிகக் கொஞ்சம், அல்லது ஒன்றுமே இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கு நஷ்டம் இன்னும் கூடுதல். அங்கேயே இப்படியென்றால், வீட்டுக்கு ஒரு டேப்லெட் வந்துவிட்டால் இங்கே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

என்ன விடுபட்டது என்பதை ஒரே ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்கிறாய். டிவியில் ஆசிரியர் ‘கடன் வாங்கி’ 35 என்று போட்டுக் காட்டுகிறார். பார்க்கிற பிள்ளைக்கு அது புரிந்த மாதிரியே இருக்கும், தலையாட்டும். அதே பிள்ளை நோட்டில் 45 என்று எழுதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து நீ ஒரு பெருக்கல்குறி போட்டு அனுப்பினால் விஷயம் அங்கேயே முடிந்தது. அடுத்த கணக்கிலும் அதே தப்பு வரும். ‘எப்படிப் போட்ட, சொல்லு’ என்று கேட்டுப் பார்: ‘ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ஒண்ணு போனா நாலு’ என்று பதில் வரும். பிள்ளைக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று ஒரு விதியை அதுவாகவே வகுத்து வைத்திருக்கிறது; பத்து என்றால் பத்து ஒன்றுகள் என்பதுதான் அதற்குப் பிடிபடவில்லை. இனி நீ செய்ய வேண்டியது கழித்தலைத் திரும்ப நடத்துவதல்ல. பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்வது. புளியங்குடிச் சந்தைக்குப் போகிற வீடென்றால் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கேட்கலாம். வகுப்பறையில் இந்த உரையாடல் பெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று அரை நிமிடத்தில் நடந்துவிடும். நடந்தது என்றுகூட யாரும் குறித்துக்கொள்வதில்லை. பள்ளி பூட்டியபோது முதலில் போனது அதுதான். ஒன்றாம் வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். பிள்ளை ‘அ’வை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிக்கிறது என்பது, எழுதி முடித்த பக்கத்தின் படத்தைப் பார்த்தால்கூடத் தெரியாது.

பாடத்தை அனுப்பினால் மட்டும் போதுமா, பிள்ளையோடு பேசவும் வேண்டுமா என்று சோதித்துப் பார்த்த ஒரு நல்ல ஆய்வு ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவில் நடந்தது. பள்ளி மூடிய காலத்தில் சுமார் 4,500 குடும்பங்களைப் பிரித்து, சிலருக்கு வாராவாரம் எஸ்எம்எஸ்ஸில் கணக்கு மட்டும் அனுப்பினார்கள். சிலருக்கு அதோடு 15, 20 நிமிடம் போன் செய்து பிள்ளையோடு சேர்ந்து கணக்கைப் போட்டார்கள். எஸ்எம்எஸ் மட்டும் பெற்றவர்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை. போனும் வந்த வீடுகளில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். சாதாரண பட்டன் போன் போதுமாக இருந்தது. ஆனால் ஒரு சான்றை மட்டும் காட்டி உன்னை ஏமாற்ற நான் விரும்பவில்லை. சியரா லியோனில் ஆசிரியர்கள் போன் செய்து பாடம் நடத்திய சோதனையில், பிள்ளைகள் படிப்பில் ஈடுபட்டது கூடியது. தேர்வில் மதிப்பெண் கூடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் போன் மணி அடித்தாலே படிப்பு வந்துவிடாது என்பது விளங்கும். அந்த இருபது நிமிடத்தில் யார் பேசுகிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று நான் நினைக்கிறேன். ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் அது இன்னொரு டிவி. அதனால்தான் இதற்கென்று ஆசிரியர்களைத் தயார்செய்ய வேண்டும் என்கிறேன். நல்ல மனசு மட்டும் போதாது.

எப்படி என்றால், ஆண்டு தொடங்கும் முன் ஒரு வாரம் பள்ளி ஆசிரியர்கள் அத்தனை பேரும், ஈராசிரியர் பள்ளியென்றால் இருவரும், சத்துணவு அமைப்பாளரையும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முதல் வேலை, பிள்ளைவாரியாக ஒரு நோட்டு. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இருக்கிற விவரம் இதற்கு உதவாது. எந்தப் போன், அது யார் கையில், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது, பக்கத்தில் படிக்கத் தெரிந்த அக்காவோ சித்தியோ உண்டா என்று எழுது. நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வீட்டில், தறிக்குப் போகிற வீட்டில், போன் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடும். இருட்டிய பிறகுதான், அதுவும் சார்ஜ் இறங்கித்தான், திரும்பும். காலை பத்து மணிக்கு ஆன்லைன் வகுப்பு வைப்பவருக்கு ஊர் தெரியாது என்று அர்த்தம். இரண்டாவது வேலை, போன ஆண்டு அந்தப் பிள்ளைகளை வைத்திருந்த ஆசிரியர் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி சொல்வது: எழுத்துக்கூட்டுகிறானா, சொல்லாகப் படிக்கிறானா, பத்துக்கு மேல் எண்ணத் தடுமாறுகிறாளா. இது நம் பள்ளிகளில் அநேகமாக நடப்பதே இல்லை. மதிப்பெண் பதிவேடு கைமாறும், பிள்ளை கைமாறாது. மூன்றாவது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் ஆசிரியராகவும் போனில் பேசிப் பார்க்க வேண்டும். 45 என்ற விடை வந்ததும் ‘தப்பு, 35’ என்று நாக்கு நுனியில் வரும். அதை அடக்கிக்கொண்டு ‘எப்படிப்பா வந்தது?’ என்று கேட்கப் பழகச் சில நாள் ஆகும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று உன் தலைமையாசிரியர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 40 பிள்ளைகள், வாரம் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 400 நிமிடம். இரண்டு ஆசிரியர் பகிர்ந்தால் ஆளுக்கு மூன்றே கால் மணி நேரம் சொச்சம். எடுக்காத போன், கட்டான லைன் எல்லாம் சேர்த்து இருமடங்காக வைத்துக்கொண்டாலும் தாங்கும். ஆனால் பேசுவது மாலையில் என்பதால், அந்த மாலைக்கு ஈடாகக் காலையில் விடுப்பு தரத் தலைமையாசிரியர் துணிய வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நம்பரை ஊருக்கெல்லாம் கொடுத்தால் தொந்தரவு வரும் என்று பெண் ஆசிரியர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. பள்ளியின் பெயரில் ஒரு தனி சிம், ஒரு சாதாரணப் போன் வாங்கினால் தீரும் பிரச்சினை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிக்கலாம். போனே இல்லாத வீட்டுக்கு நோட்டுதான். மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வந்தார்களே, அந்த நாளே நோட்டு மாற்றும் நாள். பிள்ளைக்கு இரண்டு நோட்டு கொடு: ஒன்று உன்னிடம் திருத்தத்தில் இருக்கும்போது இன்னொன்று வீட்டில் இருக்கட்டும். பருப்புப் பையோடு நோட்டை வாங்கிக்கொண்டு போகிற அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசலாம்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் தேறிவிடுவார்கள், அதற்குள் எதற்கு இத்தனை பாடு என்பது. இதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் நான்கு மாவட்டங்களில் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். கற்றலில் பெரிய இறக்கம், கணக்கில் மொழியைவிட இருமடங்கு. ஆனால் பள்ளி திறந்து ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்விக்குச் சேரும் என்று கணக்கிட்டார்கள். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாலையில் தெருவிலேயே ஒரு தன்னார்வலர் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு. ஆகவே நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. ஆனால் தெருவில் நடந்தது என்ன? ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்ததுதானே? திறந்த பிறகு பலன் தந்ததைப் பூட்டியிருக்கும்போதே தொடங்கு என்றுதான் நானும் சொல்கிறேன். மீளாத அந்த மூன்றில் ஒரு பங்கில் யார் யார் இருப்பார்கள் என்பதையும் யோசித்துப் பார்.

வட்டார வள மையத்திலிருந்து பயிற்சி வரும்போது போய் வா. மாநிலத்தில் கற்றவர் மாவட்டத்துக்கும், மாவட்டத்தில் கற்றவர் வட்டாரத்துக்கும் சொல்லி உன்னிடம் வரும்போது அது நீர்த்துப்போயிருக்கும், அதற்காகக் கோபப்படாதே. அங்கே ஒரு கேள்வி மட்டும் கேள்: எங்கள் பிள்ளைகள் நோட்டைப் பார்க்க எங்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் விடுவீர்கள்? பாடப் பகுதியைக் குறைத்துக்கொள்ளவும் தயங்காதே. ஒன்றாம் வகுப்பில் வாசிப்பும் இரண்டிலக்க எண்ணும் நிலைத்தால் மற்றதைப் பள்ளி திறந்தபின் பார்த்துக்கொள்ளலாம். ஆய்வுக்கு வருகிறவர் எத்தனை வீடியோ அனுப்பினீர்கள் என்று கேட்டால் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, பிள்ளைவாரி நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வை. 52-லிருந்து 17 போனால் 45 என்று எழுதியவர்கள் போன வாரம் எத்தனை பேர், இந்த வாரம் எத்தனை பேர் என்று அதில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்