வேட்டைக்குப் போக என்ன சட்டை?

தோழிகளே, மார்கழிப் பனிக்கே நாம போர்வையை விடமாட்டோம். கனடாவின் வடகோடியில் இனுவிட் மக்கள் மைனஸ் 40 டிகிரியிலும் உறைந்த கடல்மேல் அசையாமல் காத்திருந்து சீல் வேட்டை ஆடினார்கள். எப்படி?

கரிபூ என்ற மானின் தோலில் இரண்டு அங்கி. உள் அங்கியின் ரோமம் உடம்பைத் தொடும், வெளி அங்கியின் ரோமம் வெளியே தெரியும். அந்த ரோமத்துக்குள் காற்று அடைபட்டிருக்கு. காற்று அரிதிற்கடத்தி என்று படிச்சோமே, அதேதான்!

ஆனால் கரிபூத் தோல் நனையக் கூடாது. அதனால பனி உருகும் மாதங்களில் தண்ணீர் புகாத சீல் தோல். குளிரைவிட வியர்வைதான் பயம். வியர்த்து நனைந்தால் உடம்புச் சூடு போய்விடும், உயிருக்கே ஆபத்து.

வேட்டையில் கிடைத்த தோல்தான், காசு செலவில்லை. வேலைதான் அதிகம். தைத்தது பெண்கள், மானின் தசைநார்தான் நூல். ஒரு தையல் விட்டுப்போனாலும் குளிர் உள்ளே நுழைந்துவிடும்.