எங்கே நின்றது என்று கேளுங்கள்
கணிப்பொறிப் பாடம்: பழைய கணிப்பொறியில் பாதியில் நின்ற நிறுவல்

நம் சங்க நூலகத்தின் மூலையில் துணி போர்த்திய பழைய கணிப்பொறி ஒன்று இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பென்டியம் 4 வகை, 512 எம்.பி. நினைவகம், 40 ஜி.பி. வன்தட்டு, அதில் விண்டோஸ் எக்ஸ்பி. நூலகத்தைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்ட பெரியவர் ஒருவர் புத்தகப் பட்டியல் முழுவதையும் தம் கையாலேயே அதில் தட்டெழுதி வைத்திருந்தார். நூலின் பெயர், ஆசிரியர், நன்கொடையாகக் கொடுத்தவர், எந்த அலமாரி என எல்லாம் அதில் உண்டு. அதற்கு வேறு பிரதி கிடையாது.

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. எனவே இந்தக் கணிப்பொறியில் லினக்ஸ் நிறுவலாம் என்று நம் ஞாயிறு வகுப்பு மாணவர்கள் இருவர் ஆர்வத்தோடு இறங்கினார்கள். முதல் முயற்சி தொடங்கியவுடனேயே நின்றது. இரண்டாவது முயற்சியில் வண்ணத்திரை வந்து, சுட்டியின் அம்பு உறைந்துபோனது. மூன்றாம் முறை முயலும்போது பெரியவர் உள்ளே வந்தார். "தம்பி, என் பட்டியல் போயிடுச்சா?" என்று அவர் கேட்டபோது எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை.

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இந்தப் பாடம் பிறந்தது.

முதல் விதி: மேலும் தொடாதீர்கள்

நிறுவல் தோற்றதும் நம் கை பரபரக்கும். மறுபடி தொடங்குவோம், வேறு வட்டைப் போடுவோம், கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்போம். பழைய தகவல்கள் அழிவது பெரும்பாலும் முதல் தோல்வியில் அல்ல, அதற்குப் பின் நாம் காட்டும் அவசரத்தில்தான்.

பொதுவாக நிறுவல் நிரல்கள், வன்தட்டைப் பாகம் பிரித்து 'மாற்றங்களை எழுதட்டுமா?' என்று கேட்டு நாம் ஒப்புக்கொள்ளும் வரை வன்தட்டில் எதையும் எழுதுவதில்லை. மாணவர்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தக் கேள்வி வந்ததா?" "இல்லை சார், அதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு" என்றார்கள். பெரியவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, வன்தட்டைக் கழற்றி, ஐ.டி.இ. வன்தட்டை யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் மாற்றியைக் கொண்டு வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பட்டியலை நகலெடுத்தோம். பழுதென்று சந்தேகப்படும் கணிப்பொறியிலேயே நகல் எடுக்கக் கூடாது. அதன் நினைவகம் கெட்டிருந்தால் நகலும் கெட்டுப்போகும்.

பட்டியலோடு எழுத்துருக் கோப்புகளையும் எடுத்துக்கொண்டோம். இது தமிழர்கள் மறக்கக் கூடாத ஒன்று. யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது. தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்ற தரங்களை அறிவித்த பிறகும் பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் இருந்தன. அந்தக் காலக் கோப்பை அதற்குரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும்.

இனி கணிப்பொறியைப் பார்ப்போம். 'ஏன் நின்றது?' என்பது கடினமான கேள்வி. 'எங்கே நின்றது?' என்பது எளிய கேள்வி. இரண்டாவதற்கு விடை கண்டால் முதலாவதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

படி 1: வட்டே தொடங்கவில்லை

திரை கறுப்பாகவே இருந்தாலோ, பழைய விண்டோஸே மீண்டும் வந்தாலோ, கணிப்பொறி நிறுவல் வட்டைப் படிக்கவே இல்லை என்று பொருள். பயாஸ் அமைப்பில் எந்தச் சாதனத்திலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசையைப் பாருங்கள். பழைய பயாஸ் பலவற்றுக்கு யு.எஸ்.பி. குச்சியிலிருந்து தொடங்கத் தெரியாது, குறுந்தகடுதான் வழி.

பதிவிறக்கிய கோப்பை வெறும் கோப்பாகவே குறுந்தகட்டில் நகலெடுத்துவிடுவது பலர் செய்யும் தவறு. அதை 'இமேஜ்' ஆகப் பதிய வேண்டும். பதிவதற்கு முன், வெளியிட்டவர்கள் தரும் சரிபார்ப்பு எண்ணோடு கோப்பை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: தொடங்கியவுடன் மறுத்துவிட்டது

எங்கள் முதல் தோல்வி இது. மாணவர்கள் கொண்டுவந்தது 64-பிட் வட்டு. நம் பென்டியமோ 32-பிட் மட்டுமே அறிந்தது. 'இந்தச் செயலி போதாது' என்று திரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றது. இது பழுது அல்ல, பொருத்தமின்மை. எத்தனை முறை முயன்றாலும் மாறாது.

32-பிட் கணிப்பொறிகளுக்கு வழி சுருங்கிக்கொண்டே வருகிறது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-க்கு 32-பிட் நிறுவல் வட்டு உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு அது கிடையாது. ஆகவே நாங்கள் டெபியன் 12-ஐ எடுத்துக்கொண்டோம்.

படி 3: வண்ணத்திரை வந்து உறைந்தது

இரண்டாம் தோல்வி இது. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

வீடு கட்டும்போது பார்த்திருப்பீர்கள். மணல், செங்கல், சாரம், கலவைத் தொட்டி எல்லாம் தெருவை அடைத்துக்கொண்டிருக்கும். கட்டி முடித்த வீட்டுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. நிறுவலும் அப்படித்தான். 'லைவ்' எனப்படும் வட்டு, வன்தட்டைத் தொடாமல் முழு இயக்க அமைப்பையும் குறுந்தகட்டிலிருந்தே ஓட்டிக் காட்டுகிறது. குறுந்தகட்டில் எழுத முடியாது; எனவே மாறும் கோப்புகளையெல்லாம் நினைவகத்திலேயே வைக்கிறது. அதற்கு மேல் வண்ணத்திரை, அதற்கும் மேல் நிறுவல் நிரல். நிறுவி முடித்த பின் தேவைப்படுவதைவிட நிறுவும்போதுதான் நினைவகம் அதிகம் தேவைப்படுகிறது!

அந்தத் தேவையும் காலத்தோடு வளர்ந்தது. 1995-ல் விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சம் 4 எம்.பி. போதும் என்றார்கள். 2001-ல் எக்ஸ்பிக்கு 64 எம்.பி. 2021-ல் விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி., அதாவது முதலாவதைப்போல் 1,024 மடங்கு. நம் 512 எம்.பி. அதன் காலத்தில் தாராளம், இன்று ஏழ்மை.

நினைவகம் குறைந்த கணிப்பொறிக்கு நான்கு வழிகள் சொல்கிறேன்.

ஒன்று: தாய்ப்பலகையிலேயே திரைச் சாதனம் உள்ள கணிப்பொறிகள், பொது நினைவகத்திலிருந்து ஒரு பங்கைத் திரைக்கு எடுத்துக்கொள்ளும். நம்முடையது 64 எம்.பி. எடுத்துக்கொண்டிருந்தது. பயாஸில் அதை 8 ஆக்கினோம். காசு செலவில்லாமல் 56 எம்.பி. திரும்பி வந்தது.

இரண்டு: வண்ணத்திரையை விட்டு, எழுத்துத் திரை நிறுவலைத் தேர்ந்தெடுங்கள். டெபியனின் நிறுவல் நிரல், நினைவகம் மிகக் குறைவு என்று கண்டால் தானாகவே சிக்கன முறைக்கு மாறி, அவசியமான பகுதிகளை மட்டும் ஏற்றும்.

மூன்று: வன்தட்டின் ஒரு பாகத்தை 'ஸ்வாப்' ஆக ஒதுக்குங்கள். நினைவகம் நிரம்பும்போது, உடனே தேவைப்படாதவற்றை அங்கே இறக்கி வைக்கலாம். ஆனால் வழக்கமான நிறுவலில் பாகம் பிரித்த பின்னரே அது செயலுக்கு வரும். அதற்கு முன்பே கணிப்பொறி நின்றுவிட்டால் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். வன்தட்டை வேறு கணிப்பொறியில் மாட்டி ஸ்வாப் பாகத்தை முன்கூட்டியே உருவாக்கிவைத்து, நிறுவலின் தொடக்கத்தில் கட்டளை கொடுத்து அதைச் செயல்படுத்தலாம்.

நான்கு: முதலில் மேசைத்திரை ஏதும் இல்லாமல் அடிப்படையை மட்டும் நிறுவுங்கள். அது நன்றாக ஓடிய பிறகு இலகுவான திரையைச் சேருங்கள்.

எழுத்துத் திரை நிறுவலில் ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்தினால் உள்ளே நடப்பதன் குறிப்பேடு தெரியும். 'அவுட் ஆஃப் மெமரி' என்ற சொற்கள் அதில் இருந்தால் ஐயமே வேண்டாம். எஃப்1 அழுத்தித் திரும்பலாம்.

படி 4: நகலெடுக்கையில் நின்றது

பட்டியல் பத்திரமாக இருந்ததால், இம்முறை துணிந்து வன்தட்டைப் பாகம் பிரித்தோம். ஸ்வாப் செயலுக்கு வந்தது. கோப்புகள் வேகமாக ஏறின. பாதி வழியில் மறுபடி நின்றது! மீண்டும் முயன்றோம், இம்முறை தொடக்கத்திலேயே நின்றது. அடுத்த முறை முடியும் தறுவாயில்.

"மெமரி பத்தலை சார்" என்றான் மாணவன். நானும் அப்படித்தான் நினைத்தேன். குறிப்பேட்டிலோ நினைவகம் தீர்ந்ததாக ஒரு சொல்லும் இல்லை. இங்கே ஒரு நல்ல சோதனை உண்டு; மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் குறுந்தகட்டிலோ வன்தட்டிலோ அந்த இடத்தில் குறை. முறைக்கு முறை வேறு இடத்தில் நின்றால் நினைவகம், மின்வழங்கி, சூடு, தளர்ந்த இணைப்பு என்று கணிப்பொறியின் உடலிலேயே குறை.

மெம்டெஸ்ட்86+ என்ற சோதனை நிரலை ஓட்டினோம். அது நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, படித்து, ஒப்பிடும். இரவு முழுவதும் ஓட விடுவது நல்லது. எங்களுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. சில நிமிடங்களிலேயே சிவப்பு வரிகள் வந்தன. இந்தச் சோதனையில் ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதல்ல.

பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டு, 256 எம்.பி. கொண்ட இரண்டு பட்டைகளையும் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூசி துடைத்து, ஒவ்வொன்றாகத் தனியே சோதித்தோம். ஒன்று தேறியது. மற்றது தேறவே இல்லை.

எக்ஸ்பி இத்தனை நாள் ஓடியதே என்று கேட்கலாம். பழுதான இடத்தை எக்ஸ்பி எப்போதாவதுதான் தொட்டிருக்கும். நிறுவலோ நினைவகம் முழுவதையும் நிரப்பி, ஒவ்வொரு பொதியையும் சரிபார்த்து விரிக்கிறது. மறைந்திருந்த குறை அப்போது வெளிப்பட்டது. "அதான் அப்பப்போ தானா அணைஞ்சு எழுந்துச்சா!" என்றார் பெரியவர்.

லாமிங்டன் ரோடு கடை ஒன்றில் பழைய 512 எம்.பி. டி.டி.ஆர். பட்டை கிடைத்தது. வாங்கும்போது வகையைப் பார்த்து வாங்குங்கள். முதல் தலைமுறை டி.டி.ஆருக்கு 184 தொடுமுனைகள், டி.டி.ஆர்.2-க்கு 240. வெட்டு இருக்கும் இடமும் வேறு; ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. வாங்கிய பட்டையையும் சோதித்த பிறகே மேலே சென்றோம்.

படி 5: நிறுவல் முடிந்தது, ஆனால் எழவில்லை

எங்களுக்கு இது நேரவில்லை, உங்களுக்கு நேரலாம். பழைய கணிப்பொறியில் பெரிய வன்தட்டு மாட்டியிருந்தால், பழைய பயாஸ் சிலவற்றால் 137 ஜி.பி.க்கு அப்பால் பார்க்க முடியாது. தொடக்கத்துக்கான கோப்புகள் அந்த எல்லைக்கு அப்பால் விழுந்தால் கணிப்பொறி எழாது. வன்தட்டின் தொடக்கத்திலேயே அவற்றுக்குச் சிறு பாகம் ஒதுக்கினால் சரியாகும்.

தாய்ப்பலகையில் உள்ள வட்டமான சி.ஆர்.2032 மின்கலத்தையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இணையத்திலிருந்து பொதிகளை எடுக்கும்போது, 'இந்தக் கையொப்பம் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நிறுவல் மறுக்கும். சிறு மின்கலம் ஒரு நாள் உழைப்பைக் கெடுத்துவிடும்.

முடிவு

அடிப்படையை நிறுவினோம், பின் ஐஸ்டபிள்யூஎம் என்ற இலகுவான திரையையும் நியூமெரிக் என்ற விரிதாள் மென்பொருளையும் சேர்த்தோம். பழைய எழுத்துருவைப் பதித்துப் பட்டியலைத் திறந்தோம். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கம் முழுவதையும் படித்தார். "கொடுத்தவங்க பேர் எல்லாம் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்தக் கணிப்பொறி இனி பட்டியலுக்கு மட்டுமே. இன்றைய இணையதளங்களை அது தாங்காது. வங்கி வேலைக்கு அதை நம்பவும் கூடாது. பட்டியலின் ஒரு நகல் பெரியவர் வீட்டிலும் மற்றொன்று செயலாளரிடமும் உள்ளன. யூனிகோடுக்கு மாற்றும் வேலை ஞாயிறு வகுப்பில் தொடங்கிவிட்டது. பிழை திருத்த அன்பர்கள் வரலாம்.

பயிற்சி

1. நிறுவல் மூன்று முறையும் 43 விழுக்காட்டில் நிற்கிறது. முதலில் எதை மாற்றிப் பார்ப்பீர்கள்?
2. பாகம் பிரிக்கும் கேள்வி வருவதற்கு முன்பே திரை உறைந்தது. பழைய கோப்புகள் இருக்குமா? உறுதிசெய்ய என்ன செய்வீர்கள்?
3. உங்கள் வீட்டுப் பழைய கணிப்பொறியில் வேறு பிரதி இல்லாத கோப்புகள் எவை? பட்டியலிட்டு, இந்த வாரமே நகலெடுங்கள்.

முதலிரண்டுக்கும் விடை இப்பாடத்திலேயே இருக்கிறது. மூன்றாவதற்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது.