நட்பைச் சொல்லும் படங்களுக்கு விமர்சனம் எழுத வருகிறவர்களுக்கு

தம்பிகளே, தங்கைகளே, பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. லின் ஷெல்டன் இயக்கிய ‘ஹம்ப்டே’ (2009) என்ற அமெரிக்கச் சின்னப் படத்தை வைத்தே சொல்கிறேன்.

1. கதைச் சுருக்கத்தில் மயங்கிவிடாதீர்கள். கல்லூரித் தோழர்கள் இருவர். இருவருக்குமே பெண்கள் மீதுதான் நாட்டம். ஒரு விருந்தில் போதையில் வாயை விடுகிறார்கள்: சியாட்டிலில் நடக்கும் அமெச்சூர் ஆபாசப் பட விழாவுக்கு, தாங்கள் இருவரும் உறவுகொள்வதையே படமெடுத்து அனுப்புவதாக. போதை தெளிந்ததும் யார் முதலில் பின்வாங்குவது என்று வீம்பு. இதைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு விமர்சனத்தை முடித்துக்கொள்வது சுலபம். அதற்கு போஸ்டரே போதும், நீங்கள் எதற்கு?

2. உடம்புகளைப் பாருங்கள். பென் (மார்க் டூப்ளாஸ்) கல்யாணமாகி, குழந்தைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருப்பவன். ஆண்ட்ரூ (ஜோஷுவா லெனர்ட்) நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டும் ஊர்சுற்றி. வந்த இரவில் கூச்சமே இல்லாமல் கட்டிக்கொள்கிறவர்கள், ஹோட்டல் அறையில் கேமரா முன்னால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திணறுகிறார்கள். எதைக் கழற்றுவது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று சங்கத்தின் பொதுக்குழு மாதிரி விவாதம் நீள்கிறது. படத்தின் உயிர் அந்த விவாதத்தில் இருக்கிறது. ‘உன்னைப் பிடிக்கும்’ என்று சொல்ல ஆண்களுக்கு ஒரு பந்தயம் தேவைப்படுகிறது; ஒருவனுக்குக் குடும்பத்துக்குள் அடங்கிப்போன பயம், மற்றவனுக்கு எதையும் முடிக்காமல் வயதாகிவிட்ட பயம். ‘நட்பை அழகாகச் சொல்கிறது’ என்று எழுதினால் இதில் ஒன்றுகூட வாசகருக்குப் போய்ச்சேராது. எந்த இடத்தில் சிரிப்பு நின்றது என்று எழுதுங்கள்.

3. மனைவி எங்கே என்று கேளுங்கள். இவ்வகைப் படங்களில் அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முகம் சுளிக்கும் வேலை. இங்கே அன்னாவுக்கு (அலிஷியா டெல்மோர்) கோபமும் உண்டு, ஆசையும் உண்டு.

4. ‘மம்பிள்கோர்’ (சின்னச் செலவில், பேச்சை நம்பி எடுக்கும் படம்), ‘ப்ரொமான்ஸ்’ (ஆண்களின் நெருங்கிய நட்பைச் சொல்லும் படம்) என்று முத்திரை குத்திவிட்டு நகராதீர்கள். அதே ஆண்டு வந்த ‘ஐ லவ் யூ, மேன்’ படமும் ஆண்களின் நட்பைப் பற்றியதுதான், ஆனால் அது பெரிய ஸ்டுடியோ படம். இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறவர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

5. காட்சிகளுக்கு விரிவான வரைவு இருந்தது. வசனத்தைப் பெரும்பாலும் நடிகர்களே பேசிக் கண்டெடுத்தார்கள். ‘இயல்பான நடிப்பு’ என்று பாராட்டும்போது படத்தொகுப்பாளரை மறந்துவிடாதீர்கள். நாட் சாண்டர்ஸ் பின்னாளில் ‘மூன்லைட்’ படத்தொகுப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். நீளும் பேச்சில் எங்கே வெட்டுவது என்பது லேசான வேலையில்லை.

6. சன்டான்ஸ் விழாவில் சிறப்பு நடுவர் பரிசு, 2010-இல் சின்னச் செலவுப் படங்களுக்கான ஜான் கஸாவெட்டிஸ் விருது. அமெரிக்க வசூலோ 5 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. இரண்டையும் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் சொல்லுங்கள், போதும்.

7. குறை தோன்றினால் மறைக்காதீர்கள். தன்பாலீர்ப்பு இல்லாத இருவரின் சங்கடத்தை வைத்தே இத்தனை சிரிப்பும். தன்பாலீர்ப்பாளர் ஒருவர் அரங்கில் இருந்தால் எந்த இடத்தில் சிரிப்பார், எங்கே நெளிவார்? எனக்கு இந்தக் கேள்வி இன்னும் அடங்கவில்லை. முடிவில் அவர்கள் செய்தார்களா இல்லையா என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

8. 2012-இல் இயக்குநர் இவான் அத்தால் இந்தப் படத்தையே பிரெஞ்சில் எடுத்து, பிரான்சுவா க்ளூஸேவுடன் தானும் நடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஹோட்டல் அறைக் காட்சியைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள், படித்துவிட்டுப் பேசலாம்.