முப்பதைக் கழற்று, மருமகன்

அன்புள்ள மருமகன்,

காருக்கு மாலை போட்டுச் சித்திரவேலாயுதர் கோயில் வாசலில் நீ நிற்கிற படத்தை உன் அம்மா அனுப்பியிருந்தாள். நல்ல வடிவு. அடுத்த நாளே கோல் எடுத்தாள். பிரேக் லைற்றின் பியூஸ் மாற்ற மாற்றப் போகுதாம், நீ முப்பது அம்பியரைப் போட்டாயாம், இப்போது நல்லா எரியுதாம். அவள் சந்தோசமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் நித்திரை போய்விட்டது.

எரியும்தான். முப்பது போட்டால் வயரும் சேர்ந்து எரியும்.

கராஜுக்குக் கொடுப்பதா, நீயே பார்ப்பதா என்பது உன் விருப்பம். கார் உன்னுடையது, காசும் உன்னுடையது. கராஜுக்குப் போனால் ஒரு பகல் போகும். ஒருத்தன் வயரைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றி, 'சரி அண்ணை' என்பான். உன் அப்பாவின் வேனுக்கும் அப்படித்தான் 'சரி' சொன்னார்கள். பியூஸில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி அனுப்பினவனின் பெயர் எனக்கு இன்றைக்கும் ஞாபகம், எழுதமாட்டேன். அவன் உன் அப்பாவுக்குக் கூட்டாளி என்பதால் கடைசிவரை அவனை ஒரு சொல் சொல்ல அவர் விடவில்லை. டாஷ்போட்டுக்குள்ளால் புகை வந்த அன்று வேனுக்குள் யார் யார் இருந்தது என்று அம்மாவிடம் கேள். நீ அவள் மடியில் இருந்தாய்.

பியூஸ் போனது பழுதல்ல. வயர் உருகுமுன் தான் உருகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறான். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எந்த இடத்துக்கு எது என்று பெட்டி மூடியிலோ கார்ப் புத்தகத்திலோ இருக்கும். பிரேக் பல்ப் ஒன்று 21 வாட். மேலே உள்ளதையும் சேர்த்து மூன்றும் எரிந்தாலும் ஐந்து அம்பியர் அளவுதான் இழுக்கும். அதற்குப் பத்தே தாராளம். அதுவும் போகிறதென்றால், எங்கேயோ வயர் பொடியில் முட்டுகிறது. அந்த மெல்லிய வயருக்கு நீ முப்பதைப் போட்டிருக்கிறாய். இனிப் பியூஸ் போகாது. வயர்தான் பியூஸ்.

சரியான அளவைப் போட்டுப் பார். பிரேக்கை மிதிக்காமலே போனால், பியூஸுக்கும் பெடல் சுவிச்சுக்கும் இடையில் தேடு. மிதித்தவுடன் போனால், சுவிச்சுக்கு அப்பால், பின்லைற் வரைக்கும். உன் காரில் மிதித்தால்தான் போகுதாம். அப்படியென்றால் முதலில் டிக்கியைத் திற. கதவும் பொடியும் சேருமிடத்தில் ஒரு றப்பர் குழாய்க்குள்ளால் வயர் போகும். திறந்து மூடித் திறந்து மூடியே உள்ளே தோல் வெடித்துவிடும். அங்கே இல்லையென்றால் பல்ப் ஹோல்டரைக் கழற்று, உப்புக்காற்றுக்குப் பச்சை பிடித்திருக்கும். வெள்ளாமை வெட்டின கையோடு வருகிற எலியையும் மறக்காதே.

பிறகுதான் பெரிய தலையிடி, முன்னைய சொந்தக்காரர்கள் வெட்டி ஒட்டின வயர். 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியை, காருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அவ்வளவு காலமும் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஒருத்தர் செற் பூட்டுவார், அடுத்தவர் கமரா, அதற்கடுத்தவர் வர்ண லைற். எல்லாரும் வெட்டினது ஒரே வயரை. உன்னுடையது எத்தனையாவது கை என்று நான் கேட்டபோது நீ சிரித்தாய்.

வயரில் கைவைக்குமுன் பற்றரியின் நெகற்றிவைக் கழற்று, பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டு. வெடித்த இடத்தை வெட்டி அதே மொத்தத்தில் வயர் சேர். ஒட்டு, மடிப்பில் வரக்கூடாது. ரேப் வேண்டாம், வெயிலுக்கு இளகும். சூட்டில் சுருங்குகிற குழாய் போடு. மஞ்சள் உறைக்குள் போகிற வயர் எயார்பாக்குடையது, அதன் பக்கமே போகாதே.

அதுவரைக்கும் இரவில் ஓடாதே. முப்பதைக் கழற்றினால் லைற் இல்லை, கழற்றாவிட்டால் நெருப்பு. பின்னால் மண் ரிப்பர் வருகிறான், முன்னால் மாடு படுத்திருக்கிறது, நீ பிரேக் அடித்தது அவனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் காலத்தில் துறைக்குத் துறை பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்தோம், பறக்க வழியில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலமும் திறந்தாயிற்று, இப்போது திருகோணமலைவரை ஒரே மிதிதான்.

கூடிப்போச்சு போல, கோவியாதே. உன் தாத்தாவுக்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் கைவேலை தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். நான் சொன்னதெல்லாம் உனக்கு முன்னமே தெரிந்திருக்கும். அந்தப் படத்தை இங்கே தேத்தண்ணிக் கடைக்காரனுக்குக்கூடக் காட்டிவிட்டேன், என்ர மருமகன்ட கார் என்று. சனிக்கிழமை கட்டாயம் வா, மாமி உனக்கென்று இறால் எடுத்துவைக்கிறாள். ரெஸ்ரரும் சுருங்குகிற குழாயும் நான் வாங்கி வைத்திருக்கிறேன், காசு தரவேண்டாம். அதற்குள் வயர் வெடித்த இடம் அகப்படாவிட்டால் பஸ்ஸில் வா. திரும்பும்போது நானும் உன்னோடு வருகிறேன்.

அன்புடன்,
மாமா