சம்பளத்துக்கு ஆடப்போகும் பிள்ளைகளுக்கு

எந்த ஆட்டமானாலும் சரி, அதையே பிழைப்பாக எடுக்கப்போகிறவர்கள் டெட் லிண்ட்சேயைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கனடாக்காரர். 1944 முதல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியில் ஐஸ் ஹாக்கி ஆடியவர். ‘பயங்கர டெட்’ என்பது பட்டப்பெயர்.

1. ஆள் சின்னவன் என்று ஒதுங்காதே. அவர் உயரம் 5 அடி 8 அங்குலம். தலைக்கவசம் இல்லாத காலத்தில், தன்னைவிடப் பெரிய ஆட்களோடு மல்லுக்கு நின்றார். முகமெல்லாம் தையல்.

2. முரட்டுத்தனம் மட்டும் சோறு போடாது. முரட்டாட்டத்துக்காக அவர் களத்துக்கு வெளியே உட்கார்ந்த தண்டனை நேரம் 1,808 நிமிடம். முப்பது மணி நேரத்துக்கும் மேல். அதில் பாதி வீண் என்பது என் கட்சி. அணி அவரைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு: 1949–50இல் 78 புள்ளிகளோடு வட அமெரிக்க ஹாக்கி லீக்கிலேயே முதலிடம். கார்டி ஹோவும், தொடக்க ஆண்டுகளில் சிட் ஏபெலும் கூட ஆட, 1950க்கும் 1955க்கும் இடையில் நான்கு முறை லீக்கின் வாகைப் பரிசான ஸ்டான்லி கோப்பை.

3. மிரட்டலுக்கு ஆட்டத்தாலேயே பதில் சொல். 1956இல் டொரான்டோவில் ஆடினால் லிண்ட்சேயையும் ஹோவையும் சுட்டுவிடுவதாகத் தொலைபேசியில் மிரட்டினார்கள். ஆடினார். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலும் அவருடையதே. முடிந்ததும் மட்டையைத் திருப்பித் துப்பாக்கிபோல் பிடித்துக் கூட்டத்தைக் குறிபார்த்தார் பாருங்கள், அந்தக் குறும்பு யாருக்கு வரும்!

4. ஒப்பந்தத்தைப் படி. புரியாவிட்டால் விவரம் தெரிந்தவரிடம் காட்டு. அன்று லீக்கில் ஆறே அணிகள். முதலாளி வைத்ததுதான் சட்டம். பிடிக்காவிட்டால் வேறு அணிக்குப் போகவும் வழியில்லை. ஓய்வூதிய நிதிக்கு ஆட்டக்காரர்கள் பணம் கட்டினார்கள், கணக்கைக் கேட்டால் காட்ட ஆளில்லை. களத்தில் ஜென்மப் பகைவரான மான்ட்ரியால் அணியின் டக் ஹார்வியோடு லிண்ட்சே கைகோத்தார். 1957இல் ஆட்டக்காரர் சங்கம் பிறந்தது, லிண்ட்சேதான் தலைவர். அந்தப் பருவத்தில் 85 புள்ளி எடுத்து உச்சத்தில் இருந்த மனிதரை, கோடையிலேயே கடைசி இடத்திலிருந்த சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

5. உன்னோடு கோப்பை தூக்கியவன் சங்கத்திலும் நிற்பான் என்று கணக்குப் போடாதே. முதலில் பின்வாங்கியது அவருடைய பழைய டெட்ராய்ட் தோழர்களே. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. குடும்பம் இருந்தது, பயந்தார்கள். 1958 தொடக்கத்தில் சங்கம் கலைந்தது. ஆனாலும் குறைந்தபட்சச் சம்பளம் போன்ற சில சலுகைகளை முதலாளிகள் விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. நிலையான சங்கம் 1967இல்தான் அமைந்தது.

6. உடம்பைப் பேணு. 1960இல் ஓய்வுபெற்றவர், 39 வயதில் டெட்ராய்ட்டுக்கே திரும்பி ஒரு பருவம் ஆடி 14 கோல் போட்டார்.

7. மாலை போடக் கூப்பிட்டாலும் நிபந்தனையைக் கேள். 1966இல் ஹாக்கிப் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். விருந்து ஆண்களுக்கு மட்டும், மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துவர முடியாது என்றதும் அவர் போகவே இல்லை.

அவர் 2019இல், 93 வயதில் காலமானார். லீக்கின் சிறந்த வீரரைச் சக ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது, 2010 முதல் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.