பாலத்தின் அடியில் ஒரு காட்டுவழி

நுழையும்முன்

தில்லியிலிருந்து சென்னை செல்லும் தொடர்வண்டியில் பயணம் செய்தவர்கள் நாக்பூர் நிலையத்தை அறிந்திருப்பீர்கள். அந்நகருக்கு வடக்கே, புலிகள் வாழும் காட்டினூடே ஒரு நெடுஞ்சாலையை அகலப்படுத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. அவ்வேலை எவ்வாறு நடந்தது என்பதே இப்பாடம்.

பாடம்

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிவது தேசிய நெடுஞ்சாலை 44. இதன் நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மிகுதி. சேலம், நாமக்கல், மதுரை வழியே குமரிமுனையை அடையும் இச்சாலைதான், மத்தியப்பிரதேசத்தின் சிவனிக்கும் மகாராட்டிரத்தின் நாக்பூருக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தையொட்டிய காட்டைக் கடக்கிறது.

காப்பகத்தின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் பெஞ்ச் ஆறே அதற்குப் பெயர் தந்தது. தேக்கும் மூங்கிலும் நிறைந்த அழகிய காடு அது. மௌக்லி என்னும் சிறுவனை ஓநாய்கள் வளர்த்ததாகக் கிப்ளிங் கதை எழுதினாரே, அந்தக் கதை நிகழும் காடு சிவனிப் பகுதியில் உள்ளதுதான். பெஞ்ச் தனித்து நிற்பதன்று. கிழக்கே விரியும் காடுகள் அதனைக் கன்ஹா காப்பகத்துடன் இணைக்கின்றன. நெடுஞ்சாலையோ அந்த இணைப்பின் குறுக்கே செல்கிறது.

இருவழிச் சாலையாக இருந்த காலத்திலேயே அதனைக் கடந்த விலங்குகள் வண்டிகளில் அடிபட்டு மடிந்தன. நான்குவழியாக மாறினால் இடர் இரட்டிப்பாகும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அகலமான சாலையில் வண்டிகளின் வேகம் கூடும். இடையறாத ஓட்டத்தைக் கண்ட விலங்கு கடக்க அஞ்சித் திரும்பிவிடும். ஏறத்தாழ இரண்டு வயதில் தாயைப் பிரியும் இளம்புலி தனக்கென ஒரு நிலப்பகுதியைத் தேடி நெடுந்தொலைவு செல்லும் இயல்புடையது. அதன் வழி அடைபட்டால், ஒரே காட்டுப் புலிகள் தமக்குள்ளேயே இனம்பெருக்கி வலிமை குன்றும். இவ்விழப்பு சாலையோரத்தில் கிடக்கும் உடலைப்போல் கண்ணுக்குப் புலப்படாது. அதனாலேயே இது பெரிது.

மறுபக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். குண்டும் குழியுமான சாலையில் நோயாளியை நாக்பூர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் குடும்பத்திடம், “காடு முக்கியம், பொறுத்திருங்கள்” என்று எவர் சொல்ல முடியும்? வடக்கையும் தெற்கையும் இணைக்கும் சரக்குந்துகளும் இவ்வழியையே நம்பியிருந்தன. காட்டைத் தவிர்த்துச் சிந்துவாடா வழியாகச் சாலையைத் திருப்பலாம் என்றனர் சிலர். அது சுற்றுவழி. வழக்கு நீதிமன்றங்களுக்குச் சென்றது. ஆண்டுகள் பல கழிந்தன. அதற்குள் சாலையும் பழுதுற்றது. விலங்குகளுக்கும் நன்மை விளையவில்லை.

இறுதியில், சாலை காட்டுவழியிலேயே செல்லட்டும், ஆனால் விலங்குகள் நடமாடும் இடங்களில் தூண்களின்மேல் உயர்ந்து செல்லட்டும் என்று முடிவாயிற்று. டேராடூனிலுள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்தின் அறிஞர்கள், எவ்வெவ்விடத்தில் விலங்குகள் மிகுதியாகக் கடக்கின்றன என்பதை ஆராய்ந்தனர். எங்கே அமைப்பது என்பதைவிட, கீழ்வழி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதே கடினமான வினா. உயர்த்திக் கட்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் செலவு ஏறும். ஆனால் குறுகிய, இருண்ட குழாய்போன்ற வழிக்குள் மான் நுழையாது. மறுபுறத்து வெளிச்சமும் மரங்களும் அதன் கண்ணில் பட வேண்டும். பொறியாளர் கணக்கும் மானின் அச்சமும் ஒரே வரைபடத்தில் இடம்பெற வேண்டியிருந்தது!

மகாராட்டிரப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்குள் ஒன்பது அமைப்புகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஐந்து விலங்குகளுக்கான கீழ்வழிகள், நான்கு சிறுபாலங்கள். சிறியது 50 மீட்டர் அகலம். பெரியது 750 மீட்டர். மத்தியப்பிரதேசப் பகுதியில் வண்டிகளின் இரைச்சலும் முகப்பு விளக்கின் ஒளியும் காட்டுக்குள் பாயாதவாறு சாலையோரம் தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன.

விலங்குகள் அவ்வழியை ஏற்றனவா? தூண்களில் பொருத்திய தானியங்கிக் கேமராக்கள் விடை கூறின. 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை 18 வகைக் காட்டுவிலங்குகள் அவ்வழிகளில் பதிவாயின. புள்ளிமானும் காட்டுப்பன்றியும் வந்தன, செந்நாயும் வந்தது. பதினொரு புலிகள் 89 முறை கடந்திருந்தன. மேலே சரக்குந்து விரைய, கீழே புலி நடக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்.

எனினும் வேலை கட்டிமுடித்ததோடு தீரவில்லை. நிழலான அவ்விடங்களைச் சுற்றுப்புற ஊர்மக்களும் கால்நடைகளும்கூடப் பயன்படுத்துகின்றனர். பகலில் மனித நடமாட்டம் மிகுந்தால் கூச்சமுள்ள விலங்குகள் இரவுக்காகக் காத்திருக்க நேரும். தடுப்புவேலி ஓரிடத்தில் சிதைந்தாலும் விலங்கு மீண்டும் சாலைமேல் ஏறிவிடும். ஆகவே வேலியைப் பேணுவதும், கீழ்வழிகளைத் தூய்மையாக வைத்திருப்பதும் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பணிகள்.

சொல்லும் பொருளும்

இடர் – துன்பம். குன்றும் – குறையும். பேணுதல் – பாதுகாத்தல். பழுது – சிதைவு

சிந்தித்து எழுதுக

1. சாலையோரத்தில் மடியும் விலங்கைவிடப் பெரிய இழப்பு என்று பாடம் எதனைக் குறிப்பிடுகிறது?
2. கீழ்வழி அகலமாக அமைய வேண்டியதன் காரணத்தை விளக்குக.
3. நீங்கள் வாழும் ஊரில் சாலைக்காக மரங்களோ நீர்நிலையோ பாதிக்கப்பட்டதுண்டா? பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.