வாயும் வயிறுமாக இருக்கும்போது பல் பிடுங்கலாமா?



மனைவிக்கு ஐந்தாம் மாதம். இடது கன்னம் வீங்கியிருக்கிறது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. "வாயும் வயிறுமா இருக்கிறவளுக்குப் பல்லைப் பிடுங்கினா பிள்ளைக்கு ஆகாது" என்கிறார் மாமியார். "கிராம்பை வச்சுக்க, பிரசவம் ஆனதும் பார்த்துக்கலாம்" என்கிறார் கணவர். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கலாம்.

அந்தப் பல் பிரசவம் வரை காத்திருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

பல்லிடுக்கில் தங்கும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பல்லை அரிக்கிறது. இதுவே சொத்தை. அதில் புழு கிடையாது; புகை போட்டுப் புழு எடுத்துக் காட்டுகிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். சொத்தை சிறிதாக இருக்கும்போது போனால் டாக்டர் அடைத்து விடுவார். நரம்பு வரை போய்விட்டாலும் பல் போதுமான அளவு மிச்சமிருந்தால் வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்றலாம். பல் கரைந்து வேர் மட்டும் நின்றால், வேரோடு பிளந்துவிட்டால், ஈறு நோயால் எலும்பு கரைந்து பல் மிகவும் ஆடினால், பிடுங்கத்தான் வேண்டும். இடமில்லாமல் சாய்ந்து முளைத்து, திரும்பத் திரும்ப வீங்கும் கடைசிக் கடைவாய்ப் பல்லும் அப்படியே. காப்பாற்ற வழியுண்டா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

வேரடியில் சீழ் கட்டிவிட்டால் மாத்திரை வலியை அடக்கும். சீழின் காரணம் உள்ளேயே இருக்கும். தாய் சாப்பிட முடியாமல் கிடப்பதும், சீழ் பரவுவதும்தான் பிள்ளைக்கு ஆகாது. பல் பிடுங்கும்போது அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். வழக்கமாகப் போடும் அந்த ஊசியைக் கர்ப்பிணிக்கும் போடலாம். நாலு முதல் ஆறு மாதம் வரை வசதியான காலம். அதற்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுப்பது சிரமம். ஆனால் வீக்கமோ சீழோ இருந்தால் மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பார்கள். அதுவும் வீண் பயம்.

எத்தனை மாதம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கர்ப்பிணி அட்டையையும் சாப்பிடும் மாத்திரைகளையும் கொண்டு போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்க வேண்டாம். கடையில் கேட்டு மாத்திரை வாங்கித் தராதீர்கள். சில வலி மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல். டெட்ராசைக்ளின் மருந்து, பிள்ளைக்குப் பின்னால் முளைக்கும் பல்லில் கறை உண்டாக்கும்.

வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை, வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துக்கு இறங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் அது உயிருக்கு ஆபத்து. விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

பிடுங்கிய பிறகு வைக்கும் பஞ்சை அரை மணி நேரம் நன்றாகக் கடித்துக்கொள்ள வேண்டும். அன்று முழுவதும் கொப்பளிக்கவோ, ஓங்கித் துப்பவோ கூடாது. உறைந்த ரத்தம் பெயர்ந்தால் வலி அதிகமாகும். ஆறிய கஞ்சி, தயிர்சாதம் கொடுக்கலாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம். ரத்தம் நிற்காவிட்டாலும், இரண்டு மூன்று நாள் கழித்து வலி கூடினாலும் மறுபடி காட்டுங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் ஊர் நர்சம்மாவைக் கேளுங்கள். கணவரும் கூடப் போவது நல்லது. ஊசி போடும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே!